சத்தமில்லாத டிவி

“எங்கப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு கேபிள் டிவி. அதையும் நிறுத்திட்டியாக்கும்?”

புளியங்குடியில் இருந்து பஸ் ஏறி வந்த பொன்செல்வி, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“வாங்க மதினி. மொதல்ல தண்ணி குடிங்க” என்றாள் தம்பி மனைவி காவியா.

“தண்ணி கெடக்கட்டும். அப்பா போன்ல கத்துதாவ. கேபிளை எடுத்துட்டா, டிவியை மாத்திட்டா, என்னத்தையோ காதுல மாட்டி விட்டுட்டாங்காவ. என்னட்டி நடக்குது இங்கன?”

“வீட்டுக்கு நெட்டு வந்துட்டுல்லா மதினி. எல்லா சேனலும் அதுலயே வருது. பொறவு கேபிள் எதுக்கு?”

பொன்செல்வி ஹாலுக்குள் போனாள். சுவரில் புது டிவி. செய்தி வாசிக்கும் பெண்ணின் வாய் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

எதிரே நாற்காலியில் அப்பா கோமதிநாயகம். வாலிபத்தில் இருந்து விசைத்தறி ஓட்டியவர். அவர் இரண்டு காதிலும் சின்னதாக, வெள்ளையாக எதுவோ இருந்தது.

“சத்தம் எங்க?”

“மாமா காதுல மட்டும் கேக்கும். இந்த டிவி அப்படித்தான். பழைய டிவி சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேட்டுது. பக்கத்து வீட்டு ஜஸீமா பரீட்சைக்குப் படிக்கா. அவ அம்மா வந்து சொல்லிட்டுப் போனா.”

“ஊரான் பிள்ளை படிக்கதுக்கு எங்கப்பா காதை அடைக்கணுமா?”

கோமதிநாயகம் மகளைப் பார்த்ததும் குறைப்பட்டுக்கொண்டார். “காலையில மாட்டுனா படுக்கப் போகும்போதுதான் கழட்டணுமாம் மக்கா. நடுவுல கழட்டுனா டிவியோட கனெக்‌ஷன் போயிருமாம். கொடுமையைப் பாரு.”

பொன்செல்விக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அங்கேயே போனை எடுத்தாள்.

“மைதீன் பாட்சா அண்ணாச்சியா? கோமதிநாயகம் மக பேசுதேன். எங்கப்பா வீட்டுக்கு மறுபடியும் கேபிள் குடுக்கணும். சாயங்காலமே ஆள் அனுப்புங்க. பழைய டிவி பரண்ல கெடக்கு, எறக்கி வைக்கேன்.”

காவியாவின் முகம் செத்துவிட்டது. “வேண்டாம் மதினி.”

“நீ பேசாத.”

பொன்செல்வி அடுப்படிக்குள் போய்த் தன் கணவனுக்கு போன் போட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “இவ அப்பாவை நாற்காலியில கட்டிப்போட்ட மாதிரி வச்சிருக்கா. நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்திரலாமான்னு பாக்கேன்.”

“நான் எங்கயும் வரல. எனக்கு இங்கனதான் சரி” என்று ஹாலில் இருந்து பதில் வந்தது.

பொன்செல்வி போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்று கத்தினாலே பாதிதான் கேட்கும் அப்பாவுக்கு.

காவியா அவள் கையைப் பிடித்தாள். “மாடிக்கு வாங்க மதினி. இந்த வீட்டுல ரகசியம் பேசணும்னா இனி அங்கனதான் போகணும்.”

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதன் மறைவில் நின்று சொன்னாள்.

“அது காது கேக்குத மெஷின் மதினி.”

“திருநெல்வேலி டாக்டர் மாட்டிப் பாத்தாரே, அதா? அப்பா அங்கனயே கழட்டிக் குடுத்துட்டுல்லா வந்தாவ? என்னைச் செவிடன்னு ஊருக்குக் காட்டணுமான்னு ஒரே சண்டை.”

“அதேதான். காதுக்குன்னா மாட்ட மாட்டாவ. டிவிக்குன்னா மாட்டுவாவன்னு நெனச்சேன். பழைய டிவியில இது சேராது. அதான் டிவியை மாத்தி, கேபிளையும் எடுத்தோம்.”

“என்னட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாட்டி?”

“உங்க வாயில ஒண்ணு நிக்குமா மதினி?”

பொன்செல்விக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. காவியா சிரிக்கவில்லை.

“போன மாசம் பால் வண்டிக்குக் குறுக்க போயிட்டாவ. ஹாரன் அடிச்சது கேக்கல. மயிரிழையில தப்பிச்சாவ. உங்க தம்பி அன்னைக்குச் சோறே திங்கல. பழைய டிவி திரும்ப வந்தா மாமா இதைக் கழட்டிப் போட்டுருவாவ. தயவு செஞ்சு மாமாட்ட சொல்லிராதீங்க. ஏமாத்திட்டாளேன்னு மனசு ஒடஞ்சிருவாவ.”

பொன்செல்வி மைதீன் பாட்சாவுக்குத் திரும்ப போன் போட்டாள். “அண்ணாச்சி, கேபிள் வேண்டாம். நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்.”

சாயங்காலம் ஊருக்குக் கிளம்பியபோது, பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கோமதிநாயகமும் கூட வந்தார். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. இவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் அவர் தானாகவே ஓரம் ஒதுங்கினார். பொன்செல்வி கவனிக்காதவள் போல நடந்தாள்.

“கேபிள்காரன் வந்துர மாட்டாம்லா?” என்று கேட்டார்.

“வேண்டாம்னு சொல்லிட்டேம்ப்பா.”

“நல்லது. அங்கன ஆஸ்பத்திரியில மாட்டிப் பாத்த மெஷின்தான் மக்கா இது. காதுல வச்ச அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

பொன்செல்வி நின்றுவிட்டாள். “பொறவு எதுக்குப்பா போன்ல அந்தக் கத்து கத்துனீய?”

“கத்தாம இருந்தா, நான் கண்டுபிடிச்சிட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்லா? என் மானம் போகக் கூடாதுன்னு இம்புட்டுப் பாடுபட்டிருக்கா பாவம். நீ அவட்ட ஒண்ணும் சொல்லிராத.”