சாமிக்குப் போகிற மல்லி

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் ஒரு மாடியறை. ஜன்னல் வெயிலில், டாக்டர் எழிலரசியின் மேசைமேல் பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் மூக்கு ஒன்று மினுங்குகிறது. அதற்குள் சிப்பி சிப்பியாகச் சுருண்ட மூன்று எலும்புகள். "இந்த நடு எலும்புதான் ஊதிப்போய் வழியை அடைச்சிட்டிருந்தது. சீவிட்டோம்," என்கிறார் டாக்டர். எதிரே சந்திரகலா, இருபது வருஷமாகக் கோயிலுக்குப் பூ கட்டுகிறவள். கடைசி ஆறு வருஷமாக எந்த வாசனையும் அறியாதவள். ஆபரேஷன் முடிந்து இன்று பத்தாம் நாள். மூக்கைச் சுத்தம் செய்தாயிற்று. "நல்லா மூச்சை இழுங்கம்மா." அவளோ வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். முகம் சிவந்துகொண்டே போகிறது. டாக்டரின் கையில் டார்ச் தயங்குகிறது. "இன்னும் அடைப்பா இருக்கா?" சந்திரகலா விரலை மட்டும் கீழே நீட்டுகிறாள். காலடியில், ஈரத்துணி மூடிய கூடை. சாயரட்சை பூஜைக்கு இங்கிருந்து நேரே போகவேண்டிய மல்லி மாலைகள். அவள் கணவன் சகாதேவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாமிக்குப் போற பூவை மோந்துடக் கூடாதுங்க டாக்டர், அதான்," என்று கூடையைத் தூக்குகிறான். துணி சரிகிறது. அதே நேரம் அவள் அடக்கிய மூச்சும் உடைகிறது. கண்கள் அகல விரிகின்றன. "ஐயோ, அண்ணாமலையாரே, மன்னிச்சுக்கோப்பா!" என்று படபடவெனக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள், போட்டுக்கொண்டே இருக்க, கூடை வாசலைத் தாண்டுவதற்குள், மூக்கு மட்டும் இன்னொரு தரம் ஆழமாக இழுத்துக்கொள்கிறது.