மூன்று மணி நேரப் பாதை

"குறுக்கு வழியில ஒரு மணி நேரம். அந்த விடுதிக்காரம்மா சொல்ற வழியில மூணு மணி நேரம்!" ஓய்வுபெற்ற லாரி டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வேனைத் திருப்பினார்.

"முப்பது வருஷத்து வேனுங்க. செங்குத்தா ஏத்தினா இன்ஜின் படுத்துடும். பயணமும் போச்சு, வீடும் போச்சு," என்றாள் மனைவி. வீட்டை விற்றுவிட்டு இருவரும் அந்த வேனில்தான் குடியிருந்தார்கள்.

மலை உச்சியில் விடுதி நடத்தும் பெண் போனில் சொன்னதை அவள் எழுதி வைத்திருந்தாள். "ஏழாவது வளைவு தாண்டினதும் தட்டையா ஒரு இடம் வருமாம். அங்க நின்னு மூச்சு வாங்கிக்கணுமாம்."

"யாரு, இன்ஜினா?" என்று சிரித்தாலும் நிறுத்தினார். ரேடியேட்டர் கொதிக்கவில்லை.

அடுத்த ஏற்றத்தின் நீளம், பாலத்துக்கு முன்னால் சாலை லேசாக வலப்பக்கம் சாய்வது, எல்லாமே சொன்னபடி அச்சுப் பிசகாமல் வந்தன.

"நாப்பது வருஷம் ஓட்டின எனக்கே இது தெரியாதுடி. அந்தம்மா வண்டி நம்மளதைவிடக் கிழடாத்தான் இருக்கணும்."

உச்சியை அடைந்ததும் முதல் வேலையாக விடுதிப் பெண்ணிடம் கேட்டார். "உங்க வேன் எந்த வருஷத்து மாடலும்மா?"

"எனக்கு வேன் ஓட்டத் தெரியாதுங்களே." மேசைக்குப் பின்னாலிருந்து, சக்கர நாற்காலியைத் தன் இரு கைகளாலும் உருட்டிக்கொண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். "முதல்ல குறுக்கு வழியிலதான் ஏறினேன். முடியாம பாதியில திரும்பிட்டேன். இந்த வழியில ஏறி வர நாலு நாளாச்சு."

"கூட யாரும்மா தள்ளினாங்க?" என்றாள் மனைவி.

"தள்ள விட்டிருந்தா ரோடு எனக்கு இப்படி மனப்பாடமாகியிருக்குமாக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். ஏறி வந்த சாலை, பள்ளத்தாக்கின் அடிவரை வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே இருந்தது.