ஏழு அம்சவேணிகள்

செங்கல் சூளையில் மேஸ்திரி "அம்சவேணி" என்று ஒரு குரல் கொடுத்தால், அந்தக் காலத்தில் ஏழு பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "உங்கள இல்லடி, அந்த நெட்டச்சிய!" என்பார். மற்ற ஆறு பேரும் சிரித்துக்கொண்டே மறுபடி குனிவார்கள். வருஷம் போகப்போக நிமிரும் தலைகள் குறைந்தன. இப்போது கூப்பிட்டால் அந்த நெட்டச்சி ஒருத்திதான் நிமிர்கிறாள். ஆனாலும் சூளைப் புகைக்குள் இன்னும் ஆறு தலைகள் அசைவதுபோல் அவளுக்குத் தோன்றும்.

அவள் தம்பிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டும். அம்சவேணி போன வருஷம்தான் எழுத்துக் கற்றவள் என்பதால், தம்பி மனைவி காகிதத்தில் பெரிது பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.

"தஷ்விகா. கூட்டிப் படிச்சுக்கங்க அண்ணி. வேற எதையாவது சொல்லி வச்சிராதீங்க."

"ஏன், எம்பேரு ஆகாதாக்கும்?"

"அக்கா, அந்தப் பேர வச்சா பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க" என்றான் தம்பி.

அவள் வாயை வெற்றிலையால் மறைத்துக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தாள். பால் வாசனை அடித்தது. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் காகிதத்தில் இருந்ததையே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னது வெற்றிலைக்கு வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, எங்கோ சூளையில் மேஸ்திரி கூப்பிட்டதுபோல், மெல்லத் தலையைத் திருப்பியது.