பல்லி வாக்கு

“எம்.ஏ. தமிழ் படிக்கக் கோயமுத்தூருக்கா? ஆஸ்டல்ல தங்கியா?” அங்கப்பன் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தார். “பல்லி ஒரு வாக்குக் குடுக்கட்டும் அம்மணி. அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

“மூணு நாளா இதையேதானுங்கப்பா சொல்றீங்க. இன்னைக்குக் கடைசி நாளுங்க” என்றாள் லோகப்பிரியா.

“அது வாயே தொறக்கலியே, நான் என்ன பண்ணட்டும்?”

“பல்லி அது பாட்டுக்குக் கத்துதுங்கப்பா. தானா நடக்கற ஒண்ணு மேல நம்ம நெனப்பை ஏத்திச் சொன்னா, அதுக்குப் பேரு தற்குறிப்பேற்ற அணி. நம்மூருப் பெரியவர் ஒருத்தர் எறந்தன்னைக்கு மழை பேஞ்சதுக்கு, ‘வானமே அழுகிறது’ன்னு போஸ்டர் ஒட்டுனாங்களே, அந்த மாதிரிங்க.”

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா புவனா நிமிர்ந்தாள். “அப்ப பல்லிக்கு ஒண்ணுந் தெரியாதா கண்ணு?”

“தெரியாதுங்கம்மா. அர்த்தத்தை ஏத்தறது நாமதான்.”

“அந்த வியாக்கியானமெல்லாம் எனக்கு வேண்டாம்” என்றார் அங்கப்பன். “பல்லி சொல்லோணும். அவ்வளவுதான்.”

புவனா கீரையோடு சமையலறைக்குள் போனாள்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து, ‘ச்சு... ச்சு... ச்சு...’

அங்கப்பன் துள்ளி எழுந்தார். “கெழக்கால இருந்து வாக்கு! படிப்புக்கு அத்தனை நல்லது! எங்கே, பேனாவைக் குடு!”

கையெழுத்தான விண்ணப்பத்தோடு லோகப்பிரியா சமையலறைக்கு ஓடினாள்.

கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அம்மா இன்னமும் நாக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள்: ‘ச்சு... ச்சு...’

“அம்மா! நீங்களா?”

“மெதுவாப் பேசு கண்ணு. கத்துனது மட்டுந்தான் நானு. அர்த்தத்தை உங்கப்பாவே ஏத்திக்கிட்டாங்க.”