குளிரைக் காவல் காத்தல்

மஃரிப் பாங்கு முடிகிறது. கரண்ட் விலை ஏறும் நேரமென்று மாம்புரி ஐஸ் கொம்பனியில் மெஷினை நிறுத்திவிட்டுத் தொழப் போகிறாள், அதைப் பார்த்துக்கொள்ளும் ஸும்ரா. “கதவைத் தொறக்காதீங்க நானா, குளிர் அப்படியே நிக்கும்” என்று தோணிக்கார நளீரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அதுவரை இரைந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது கடல் கேட்கிறது. நளீருக்கு அந்த அமைதிதான் ஆகவில்லை. உள்ளே இருப்பது அவன் ஒரு கிழமையாகப் பிடித்த கணவாய். பீடியைப் பற்றவைக்கிறான், அணைக்கிறான், குளிரறைக் கதவில் காதை வைக்கிறான். சத்தமே போடாத குளிரை எப்படி நம்புவது? கைபிடியை இழுக்கிறான். வெண்புகை அவன் கால்களைத் தாண்டி வெக்கை மணலுக்கு ஓடுகிறது. கணவாய் கல்லுப் போலக் கிடக்கிறது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று கதவைச் சாத்துகிறான். நாலடி நடக்கிறான். இப்போது திறந்ததில் குளிர் குறைந்திருக்குமோ? கை மறுபடியும் கைபிடிக்குப் போகிறது.