கணக்கில் சேராத பாட்டு

"இப்ப யாரு பாடினது?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் ஆராய்ச்சிக்காரி.

"ஜன்னலோரப் பெட்டிகிட்ட. தினமும் பால் எடுத்துட்டு வருவாங்களே, அவங்க," என்றாள் நர்ஸ், மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

குறைமாதக் குழந்தைகள் வார்டு அது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கைக்குட்டை அகல உடம்புகள், ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட ஒயர்கள். தேர்ந்த பாடகி ஒருத்தியைப் பாடவைத்துப் பதிவு செய்த பாட்டுகளை மாதக்கணக்காக அங்கே ஒலிக்க விட்டுக்கொண்டிருந்தாள் ஆராய்ச்சிக்காரி. எதற்கு நாடித்துடிப்பு நிதானப்படுகிறது, எதற்கு மூச்சு சீராகிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். யார் குழந்தை என்ன ஏது என்றெல்லாம் அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். பெட்டி எண்ணோடு சரி.

இந்தக் குழந்தைகளுக்குப் பாடகியின் புகழ் தெரியாது, பழைய ஞாபகம் கிடையாது. ஆகவே, இவர்களை அடக்குகிற பாட்டுதான் நிஜமாகவே உயர்ந்த பாட்டு என்பது அவள் கட்சி. நர்ஸுகள் அவளுக்குப் 'பாட்டு டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு பாட்டும் பிடி கொடுக்கவில்லை. ஒரு குழந்தை அசந்து தூங்கினால் பக்கத்துப் பெட்டியில் துடிப்பு எகிறியது. பாட்டை அளக்கிறேன் என்று போனவள் என்ன கிழித்தாள் என்று மேலிடத்தில் பேச ஆரம்பித்தாயிற்று. இந்த மாதத்தோடு மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள்.

இன்று திரையில் நடந்ததுதான் அதிசயம். காலையிலிருந்து தாறுமாறாகக் குதித்துக்கொண்டிருந்த ஜன்னலோரப் பெட்டியின் கோடு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, சீராக ஓடியது. இப்படி ஒரு கோட்டை அவள் பார்த்ததே இல்லை. எழுந்து போனாள்.

அந்தப் பெண் குழந்தையைத் தொடக்கூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வாயைக் கிட்டே வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

'முனையில ஒரு மரம் இருக்கும், மரம் தாண்டினா பச்சைக் கதவு, கதவு திறந்தா சின்னக் கட்டில்...'

"என்ன பாட்டும்மா இது?"

"பாட்டெல்லாம் இல்லைங்க மேடம். வீட்டுக்கு வழி சொல்றது. நானாக் கட்டினது."

"ரொம்ப நாளாப் பாடறீங்களா?"

"வயித்துல இருந்தப்போ பாடுவேன். பாத்திரம் தேய்க்கறப்போ, துணி மடிக்கறப்போ. உதைக்கறதை நிறுத்திட்டுக் கேக்கற மாதிரி இருக்கும்."

பாட்டு டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. இதற்கா இவ்வளவு ஆசையாக எழுந்து வந்தோம் என்று இருந்தது.

"அப்ப சரிதான்," என்றாள். "இதைக் கணக்குல சேர்த்துக்க முடியாது."

"ஏன் மேடம், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கா இல்லையாங்கறது பேச்சே இல்லம்மா. உள்ள இருந்தப்பவே குழந்தைக்கு உங்க குரல் பழகிப்போச்சு. நீங்க மளிகைச் சாமான் பேரை வரிசையாச் சொன்னாக்கூட அடங்கும். உங்க பாட்டு இங்க ஒண்ணும் பண்ணலை. நீங்க அம்மாங்கறதுதான் பண்ணுது."

அந்தப் பெண் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் வெடுக்கென்று பேசிவிட்டோமோ என்று பாட்டு டாக்டருக்கு உறுத்தியது. பக்கத்தில் குனிந்து, "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு அம்மாவுக்கு இதைவிட வேற என்ன வேணும்? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனதும் தினமும் பாடுங்க," என்றாள்.

"வயித்துல இருந்து கேட்டவன் போன வாரமே போயிட்டான் மேடம்," என்றாள் அந்தப் பெண், தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாதே என்கிற மாதிரி குரலைத் தணித்து. "எனக்குப் பால் நிக்கலை, இதுக்காவது குடுங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க. மாடியில இன்னும் கண்ணு முழிக்காமக் கிடக்கறாளே ஒரு பொண்ணு, அவ குழந்தை இது. என் குரலை இன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேக்குது."