வலப்பக்கம்

கஞ்சிக் கரண்டி அருகில் வந்ததும் அவர் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுவர்.

விழுங்கினார். இருமல் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கஞ்சியில் பாதி மருமகன் சட்டையில்.

அதில் ஒரு சின்னத் திருப்தி.

வலப்பக்கம் திரும்பித்தான் விழுங்க வேண்டும். பயிற்சி கொடுக்க வரும் பெண் படம் வரைந்தே சொல்லியிருந்தாள். பக்கவாதத்தில், மூளையிலிருந்து தொண்டைக்குப் போகும் பத்தாவது நரம்பு வலப்பக்கம் படுத்துவிட்டது. படுத்த பக்கம் கழுத்தைத் திருப்பினால் அந்த வழி மூடிக்கொள்ளும், நல்ல வழியில் கஞ்சி இறங்கும். இல்லையென்றால் நேரே நுரையீரல்தான். நாளைக் காலை மறுபடி வருவாள். அப்போதும் இருமினால் மூக்கில் குழாய்.

ஏற்கெனவே பதினெட்டு நாள் சுமந்த குழாய். யானைக்காவது தும்பிக்கையால் பயன் உண்டு.

ஆனால் வலப்பக்கம் மருமகன் ரெஜினால்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன், மகள் கல்யாணத்தன்று, பதிவு அலுவலக வாசலில், தெருவே கேட்க அவர் சொன்னது: "சாவுற வரைக்கும் இவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

மகள் வீட்டில், அவன் கட்டிலில், அவன் கையால் கஞ்சி குடிக்க நேரும் என்று யார் கண்டது? சபதம் போடுமுன் ஒரு நரம்பு டாக்டரைக் கேட்டிருக்கலாம்.

குரலையும் அதே நரம்புதான் கொண்டுபோயிருந்தது. திட்டக்கூட வழியில்லை. மிச்சமிருந்த ஆயுதம் கழுத்து ஒன்றுதான்.

அடுத்த கரண்டி. சுவர். இருமல். கண் பிதுங்கியது.

ரெஜினால்டு கிண்ணத்தை ணங்கென்று வைத்தான். அவனும் சிரித்த முகக்காரன் இல்லை. அன்று அந்த வாசலில் அவன் அம்மாவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்தான். தலையணையை உருவிக் கால்மாட்டில் எறிந்தான். அவரை மூட்டை மாதிரித் தூக்கினான். தலை இருந்த இடத்தில் கால், கால் இருந்த இடத்தில் தலை என்று திருப்பிச் சாய்த்து உட்கார வைத்தான்.

இப்போது அவருடைய வலப்பக்கம் சுவர்.

கரண்டி வந்தது. வெடுக்கென்று சுவர்ப்பக்கம் திரும்பினார்.

கஞ்சி இறங்கிற்று.

இருமலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

இன்னொன்று. அதுவும் இறங்கிற்று. அவரும் பிழைத்தார், சபதமும் பிழைத்தது.

சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணம் காலியாகிக்கொண்டு வந்தது.

கடைசிக் கரண்டியை வாயில் வாங்கிக்கொண்டு, மெல்ல, இடப்பக்கம் திரும்பினார்.

சட்டையில் காய்ந்த கஞ்சி. அதற்கு மேலே முகம். தாடையில், சவரக்கத்தி பட்ட ஒரு சின்னக் கீறல்.

விழுங்கினார்.

இருமல் கொன்றெடுத்தது.

ரெஜினால்டு முதுகைத் தட்டினான். கொஞ்சம் பலமாகவே.

"செவரப் பாத்து முழுங்குங்க மாமா."